பாதி செய்த பொம்மைகளின் பேரரசு

2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலில், வங்கிகளுக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் நடுவே, நாட்டிங்காம் நகரத்துப் பொம்மை நிறுவனம் ஒன்று இடம்பிடித்தது. பெயர் கேம்ஸ் வொர்க்ஷாப். அதன் முக்கியச் சரக்கு, ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான உயரமுள்ள பிளாஸ்டிக் படைவீரர்கள். அவர்களும் முழு உருவமாகக் கடைக்கு வருவதில்லை. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கமாகச் சாம்பல் நிறச் சட்டம் ஒன்றில் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். வாங்கியவர்தான் வெட்டி ஒட்டி வண்ணம் பூச வேண்டும். பசைக்கும் வண்ணத்துக்கும் விதிநூலுக்கும் தனித்தனியாகக் காசு. எல்லாம் முடிந்த பிறகு எதிரே உட்கார்ந்து ஆட ஓர் ஆளையும் அவரே தேடிக்கொள்ள வேண்டும்.

ஒரு பொத்தானை அழுத்தினால் விண்வெளிப் போரே திரையில் ஓடும் காலம் இது. இந்தக் காலத்தில் இத்தனை தொல்லை கொடுக்கும் பொழுதுபோக்கு எப்படி நாற்பது ஆண்டுகளாகத் தளராமல் நிற்கிறது? அறிவியல் புனைவை ஒட்டிய மினியேச்சர் விளையாட்டுகளின் மீதுள்ள ஆர்வத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக நான்கு விடைகளில் ஒன்றைச் சொல்வார்கள். ஆட்டமே அப்படி என்பார்கள் சிலர். கைவேலையின் சுகம் என்பார்கள் வேறு சிலர். பின்னால் இருக்கும் கதையுலகம்தான் இழுக்கிறது என்பது மூன்றாவது கட்சி. நான்காவது கட்சிக்கு இதெல்லாம் சாமர்த்தியமான வியாபாரம், அவ்வளவே. நான்கிலும் உண்மை உண்டு. எது எந்த அளவுக்கு என்பதை எடைபோட, ஸ்பேஸ் ஹல்க், வார்ஹேமர் 40,000, பேட்டில்டெக், எக்ஸ்-விங் ஆகிய நான்கு விளையாட்டுகளின் வரலாறு போதும்.

எங்கிருந்து வந்தது

மேசைமேல் போர் நடத்துவது பிரஷ்ய ராணுவத்தின் பழக்கம். ரைஸ்விட்ஸ் என்னும் அதிகாரி 1812-இல் அரசருக்குக் காட்டிய போர்மேசையை அவருடைய மகன் 1824-இல் செப்பனிட்டு ராணுவப் பயிற்சிக் கருவியாக்கினார். அதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அறிவியல் புனைவின் பிதாமகர்களில் ஒருவரேதான். செவ்வாய் கிரகத்துப் படையெடுப்பைக் கதையாக எழுதிய எச்.ஜி. வெல்ஸ், 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் விதிநூலை வெளியிட்டார். ஈயப் படைவீரர்களைத் தரையில் நிறுத்தி, மரக்குச்சியைச் சுடும் ஸ்பிரிங் பீரங்கியால் வீழ்த்தும் ஆட்டம் அது. நிஜப் போரின் மடமைக்கு இந்தச் சின்னப் போரே மாற்று மருந்து என்று வெல்ஸ் அந்த நூலில் வாதிட்டார். அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது.

வெல்ஸ் தம் பொம்மைகளைச் செவ்வாய்க்கு அனுப்பவில்லை. பொம்மைப் போரும் அறிவியல் புனைவும் கலக்க 1970-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1977-இல் அமெரிக்காவின் ஸ்டீவ் ஜாக்சன் வடிவமைத்த 'ஓகர்', ஒற்றை ராட்சத டாங்கியை ஒரு முழுப் படை எதிர்க்கும் ஆட்டமாக, அட்டைத் துண்டுகளோடு மலிவு விலையில் வந்தது. 1980-இல் பிரிட்டனில் பிரையன் ஆன்செல் 'லேசர்பர்ன்' என்ற விதித்தொகுப்பை எழுதினார். அதற்கு முன்பே, 1975-இல், இயன் லிவிங்ஸ்டன், ஜான் பீக், இன்னொரு ஸ்டீவ் ஜாக்சன் ஆகிய மூன்று நண்பர்கள் லண்டனில் கேம்ஸ் வொர்க்ஷாப்பைத் தொடங்கியிருந்தனர். முதலில் மரத்தாலான விளையாட்டுப் பலகைகள் செய்து விற்றார்கள். பிறகு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இறக்குமதி செய்தார்கள். ஆன்செலின் சிட்டடெல் மினியேச்சர்ஸ் அதன் உறவு நிறுவனமானது. நாளடைவில் மொத்த நிறுவனமும் ஆன்செலின் பொறுப்பில் நாட்டிங்காமுக்கு நகர்ந்தது.

1987-இல் ரிக் பிரீஸ்ட்லி எழுதிய விண்வெளிப் போர் விதிநூல் வெளிவந்தது. 'ரோக் டிரேடர்' என்பதுதான் அவர் வைத்திருந்த பெயர். ஆனால் காமிக்ஸ் நாயகன் 'ரோக் ட்ரூப்பர்' பெயரில் நிறுவனம் வேறொரு விளையாட்டையும் கொண்டுவந்துகொண்டிருந்தது. குழப்பம் வேண்டாமென்று, ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த மாயாஜால உலக விளையாட்டின் பெயரை முன்னால் சேர்த்து 'வார்ஹேமர் 40,000' ஆக்கினார்கள். பேரரசின் பெயர் பிறந்தது இப்படி ஒரு சமரசத்தில்தான். அந்தக் காலத்தில் விண்வெளி வாகனங்களுக்குப் போதிய பொம்மைகள் இல்லை. காலியான டியோடரன்ட் குப்பியிலிருந்து மிதக்கும் டாங்கி செய்வது எப்படி என்று நிறுவனமே சொல்லிக்கொடுத்தது. இன்று அதே நிறுவனம் நடத்தும் போட்டிகளில் அதன் சொந்தப் பொம்மைகளைத் தவிர வேறு எதையும் மேசையில் வைக்க முடியாது. இந்த ஆர்வத்தின் வரலாற்றைக் குப்பியிலிருந்து தடைவரை வந்த வரலாறு என்றும் சொல்லலாம்.

ஆட்டமே அப்படியா?

ஆட்டத்தின் கட்சிக்கு மிகச் சிறந்த சாட்சி ஸ்பேஸ் ஹல்க். 1989-இல் ரிச்சர்ட் ஹாலிவெல் வடிவமைத்த இது, வார்ஹேமர் 40,000 உலகத்திலேயே நடக்கும் தனிப் பெட்டி விளையாட்டு. கைவிடப்பட்ட ராட்சத விண்கலம் ஒன்றின் இடுக்கு வழிகளுக்குள் கனத்த கவசம் பூண்ட டெர்மினேட்டர் வீரர்கள் நுழைகிறார்கள். இருட்டுக்குள் ஜீன்ஸ்டீலர் என்னும் நகமும் பல்லுமான வேற்றுயிர்கள் காத்திருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்திருந்த 'ஏலியன்ஸ்' திரைப்படத்தின் மூச்சு இதில் தெரியும்.

இதன் நுட்பம் எண்களில் இருக்கிறது. டெர்மினேட்டருக்கு ஒரு முறைக்கு நான்கு செயல் புள்ளிகள், ஜீன்ஸ்டீலருக்கு ஆறு. வீரன் ஒரு கட்டம் முன்னேற ஒரு புள்ளி, பக்கவாட்டில் திரும்ப ஒரு புள்ளி, பின்வாங்க இரண்டு. நடைபாதையின் அகலம் ஒரே கட்டம்தான். ஐந்து பேர் வரிசையாகப் போனாலும் முன்னால் நிற்பவன் மட்டுமே சுட முடியும், பின்னால் நிற்கிறவர்களுக்கு அவன் முதுகு மட்டுமே தெரியும். இரண்டு பகடை உருட்டி ஒன்றிலாவது ஆறு விழுந்தால் எதிரி சாவான். அதற்கு 36-இல் 11 வாய்ப்பு. எதிரி விடாமல் நெருங்கி வரும்போது அதே இலக்கைத் தொடர்ந்து சுட்டால் ஐந்தோ ஆறோ போதும், வாய்ப்பு பாதிக்கு மேல் ஏறும். ஆனால் எதிரியின் முறையில் காவல் நிலையில் நின்று சுடும்போது இரண்டு பகடையிலும் ஒரே எண் விழுந்தால் துப்பாக்கி மாட்டிக்கொள்ளும். ஆறுக்கு ஒரு தடவை இது நடக்கும். மாட்டிக்கொண்டபின் எதிரி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டால் வீரனுக்கு ஒரு பகடை, எதிரிக்கு மூன்று பகடை, மூன்றில் பெரிய எண் கணக்கு. சாதாரண வீரன் அதில் வெல்ல நூற்றுக்குப் பதினேழு வாய்ப்புதான்.

இதோடு இன்னொரு நெருக்கடியும் உண்டு. டெர்மினேட்டர் பக்கம் ஆடுபவருக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு. 2009-இன் மறுபதிப்பில் மணற்கடிகாரமே பெட்டிக்குள் வந்தது. எதிராளி யோசிக்க எவ்வளவு நேரமும் எடுத்துக்கொள்ளலாம், இவருக்குச் சில நிமிடங்கள்தான். வேற்றுயிர்களும் முதலில் உருவமாக வருவதில்லை. ரேடார் புள்ளியைப் போன்ற ஒரு வட்டச் சில்லு நகரும். அதன் அடியில் எத்தனை எதிரிகள் என்பது எதிரே இருப்பவருக்கு மட்டும் தெரியும். விதிகள் சில பக்கங்கள்தான். அந்தச் சில பக்கங்களில் ஒருவர் பயத்தையும் இன்னொருவர் பசியையும் நடிக்காமலே அனுபவிக்கிறார்கள். கவசம் கனமானது என்று எந்த வாக்கியமும் சொல்ல வேண்டியதில்லை. திரும்புவதற்கே ஒரு புள்ளி செலவாகும்போது ஆடுபவருக்கு அது உறைக்கிறது.

இந்த விளையாட்டு 1996, 2009, 2014 என்று இடைவெளி விட்டே மறுபடி அச்சேறியது. 2009-இல் குறைந்த எண்ணிக்கையில் விட்ட பெட்டிகள் வெகு விரைவில் தீர்ந்தன. ஆட்டம் நன்றாக இருந்தால் இருபது ஆண்டு கழித்தும் ஆள் காத்திருப்பார் என்பதற்கு இது சான்று. ஆனால் ஆட்டத்தின் கட்சி இதோடு நின்றுவிடுகிறது. ஸ்பேஸ் ஹல்க் அளவுக்கு இறுக்கமான விதிகள் வார்ஹேமர் 40,000-க்கு என்றுமே இருந்ததில்லை. அதன் விதிகளைக் குறைசொல்வது ஆடுபவர்களின் அன்றாடப் பேச்சு. 2017, 2020, 2023 என மூன்றாண்டுக்கு ஒரு முறை புதிய பதிப்பு வந்து பழைய விதிநூலைப் பரணில் ஏற்றுகிறது. இருந்தும் பெருங்கூட்டம் அங்கேதான். ஆகவே வேறு ஏதோ ஒன்றும் இழுக்கிறது.

கையும் கண்ணும்

அது கைவேலை என்பவர்களின் வாதத்தைக் கேட்கும் முன், ஓர் உருவம் படைவீரனாகும் வழியைப் பார்த்துவிடலாம். சட்டத்திலிருந்து உறுப்புகளை வெட்டுக்குறடால் நறுக்க வேண்டும். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். கத்தியின் முதுகால் அதைச் சுரண்ட வேண்டும். இப்போது விட்டுவிட்டால் பிறகு வண்ணம் பூசும்போது அந்தக் கோடு முகத்தின் நடுவே வடுவாகத் தெரியும். இதற்கான பசை ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக உருக்கிவிடுகிறது. அடுத்து ப்ரைமர், அதன்மேல் அடிவண்ணம். வண்ணத்தை நீர்விட்டு இளக்கி இரண்டு மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் கவசத்தின் செதுக்கல் எல்லாம் மூடிப்போகும். அதன்மேல் 'வாஷ்' என்னும் நீர்த்த கருஞ்சாயம். அது பள்ளங்களில் தானாக ஓடி நிழலாகத் தங்கும். அதுவரை தட்டையாக இருந்த உருவத்துக்கு அந்த ஒரு நிமிடத்தில் முகம் வந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிறகு தூரிகையில் வண்ணத்தைத் துடைத்தெடுத்துவிட்டு மேடுகளை மட்டும் வருடி வெளிச்சம் கொடுப்பது, காலடியில் பசை தடவி மணல் தூவுவது. ஓர் ஆளுக்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும். படைக்கு ஐம்பது, நூறு பேர் வேண்டும்.

சதுரங்கத்தில் குதிரையைத் தந்தத்தில் செதுக்கினாலும் பிளாஸ்டிக்கில் வார்த்தாலும் அதன் நடை மாறாது. இங்கே உருவமே விதியின் பகுதி. ஒரு வீரன் இன்னொருவனைச் சுட முடியுமா என்பதை, குனிந்து பொம்மையின் கண் மட்டத்திலிருந்து பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். எவ்வளவு தூரம் நடப்பான் என்பதை அங்குல நாடா சொல்கிறது. மண்டியிட்டபடி ஒட்டப்பட்டவன் சுவருக்குப் பின்னால் ஒளிய முடியும், நிமிர்ந்து நிற்பவன் மாட்டுவான். செய்தவரின் கை ஆட்டத்தின் முடிவிலும் தன் ரேகையை விடுகிறது.

இந்தப் பற்றுக்கு உளவியலிலும் ஆதாரம் உண்டு. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோக்கன், டான் ஏரியலி ஆகிய மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு 'ஐகியா விளைவு' என்ற பெயரில் புகழ்பெற்றது. பெட்டிகளையும் காகிதக் கொக்குகளையும் தாங்களே செய்தவர்கள், அவற்றின் கோணலையும் மீறி, தேர்ந்தவர்கள் செய்ததற்கு ஈடாக மதித்தார்கள். அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. அதை யாரும் அவ்வளவாக மேற்கோள் காட்டுவதில்லை. செய்யத் தொடங்கி முடிக்க முடியாமல் போனவர்களிடமும், செய்ததைப் பிரித்துப் போட்டவர்களிடமும் அந்த மதிப்பு தோன்றவில்லை.

மினியேச்சர் உலகத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது. வாங்கிப் பிரிக்காத பெட்டிகளும் ஒட்டி வண்ணம் காணாத சாம்பல் உருவங்களும் சேர்ந்த குவியலை இவர்கள் தங்களுக்குள் 'வெட்கக் குவியல்' என்றே அழைக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோர் வீட்டிலும் அது உண்டு. நிறுவனத்தின் லாபத்தில் கணிசமான பங்கு அந்தக் குவியலிலிருந்து வருகிறது என்று சொன்னால் மிகையாகாது. வியாபாரத் தந்திரம் என்னும் நான்காவது கட்சியின் வாதம் வலுப்பெறுவதும் இங்கேதான். ஆனால் குவியல் விற்பனையை விளக்கும், விசுவாசத்தை விளக்காது. முடித்துவைத்த உருவத்தை எவரும் எளிதில் விற்பதில்லை. குவியலைத்தான் விற்கிறார்கள்.

கதையில் விட்ட இடம்

மூன்றாவது கட்சி வார்ஹேமர் 40,000-இன் கதையைக் காட்டுகிறது. நாற்பத்தொன்றாம் ஆயிரமாண்டு. பத்தாயிரம் ஆண்டுகளாகப் பொன் அரியணையில் பிணமாகவும் தெய்வமாகவும் அமர்ந்திருக்கும் பேரரசர். அவரை அணையாமல் வைத்திருக்க நாள்தோறும் ஆயிரம் பேரின் உயிர் பலியாகிறது. அறியாமையே பக்தி, சந்தேகமே குற்றம். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்', மூர்காக்கின் நாவல்களில் வரும் குழப்பத் தெய்வங்கள், '2000 ஏடி' காமிக்ஸின் கசப்பான நையாண்டி எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. மூலங்களை மறைக்க அது முயன்றதும் இல்லை.

இந்தக் கதையில் பெரும்பகுதி பொம்மையின் தேவைக்காகப் பிறந்தது என்பதுதான் சுவாரசியம். 1988-இல் ஜெர்விஸ் ஜான்சன் வடிவமைத்த 'அடெப்டஸ் டைட்டானிகஸ்' ராட்சத இயந்திரங்களின் போர். ஒரே ஓர் இயந்திரத்துக்கு அச்சு வார்க்கத்தான் காசு இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே பொம்மை நின்றால் யார் யாருடன் சண்டையிடுகிறார்கள்? உள்நாட்டுப் போர் என்று சொல்லிவிட்டார்கள். பேரரசரின் அன்பு மகன் ஹோரஸ் தந்தைக்கு எதிராகக் கிளம்பிய கதை அப்படி முளைத்தது. 2006 முதல் 2024 வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட நாவல்களாக விரிந்து, லட்சக்கணக்கானோர் படித்த காவியத்தின் விதை ஒரு வார்ப்பச்சின் பட்ஜெட்.

அதைவிட முக்கியம், எழுதாமல் விட்டது. பேரரசர் படைத்த லீஜியன்கள் என்னும் பெரும்படைகள் இருபது. அவற்றில் இரண்டாவதும் பதினொன்றாவதும் ஆவணங்களிலிருந்து அழிக்கப்பட்டவை. என்ன பெயர், என்ன குற்றம் என்று இன்றுவரை சொல்லப்படவில்லை. பேரரசின் கவச வீரர்களான ஸ்பேஸ் மரீன்களின் படைப்பிரிவுகள் ஏறக்குறைய ஆயிரம் என்று விதிநூல் சொல்கிறது, பெயர் கொடுத்தவை அதில் சிறு பகுதிதான். மீதி, ஆடுபவரின் கணக்கு. அவர் தம் படைக்குப் பெயரிட்டு, கொடி வரைந்து, பிறந்த கிரகத்துக்கு வானிலைகூட எழுதி வைக்கிறார். ஒரு நாவலின் வாசகருக்கு இந்த உரிமை கிடையாது. அதிகாரபூர்வ வரலாற்றில் எங்கும் முரண்படாமல் தன் கதைக்கு ஒரு மூலை கிடைக்கும்படி இந்த உலகம் அளந்து விடப்பட்டிருக்கிறது.

விட்ட இடத்தில் வேண்டாதவர்களும் வந்து உட்காரலாம். வெறுப்பே அரசியலாகிப்போன பேரரசை நையாண்டியாக எழுதினார்கள். ஆனால் நையாண்டிக்குரிய வீரர்கள்தான் பெட்டி அட்டையில் பொன்முலாமிட்டு நாயகர்களாக நிற்கிறார்கள். கேலி எங்கே முடிகிறது, வழிபாடு எங்கே தொடங்குகிறது என்று சிலருக்குத் தெரியாமல் போயிற்று. ஸ்பெயினில் நடந்த போட்டியொன்றில் ஒருவர் நாஜிச் சின்னங்களோடு வந்து ஆடினார். அதைத் தொடர்ந்து 2021 நவம்பரில் நிறுவனம், பேரரசை இயக்குவது வெறுப்பாக இருக்கலாம், வார்ஹேமரை இயக்குவது அதுவல்ல என்ற கருத்தில் அறிக்கை வெளியிட்டு, அத்தகையவர்களைத் தன் நிகழ்ச்சிகளில் அனுமதிக்க முடியாது என்றது. 2024-இல் பேரரசரின் மெய்க்காவல் படையில் பெண்களும் உண்டு என்று ஒரு புதிய விதிநூல் போகிற போக்கில் சொன்னபோது கிளம்பிய கூச்சலும் இதே கேள்வியின் இன்னொரு முகம். இந்த உலகம் யாருடையது?

யாருடையது என்ற வழக்கு

அந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. சேப்டர்ஹவுஸ் ஸ்டுடியோஸ் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம், வார்ஹேமர் உருவங்களுக்குப் பொருந்தும் மாற்று உறுப்புகளைச் செய்து விற்றது. விதிநூலில் பெயர் இருந்தும் கடையில் பொம்மை இல்லாத பாத்திரங்களுக்கும் உருவம் செய்தது. கேம்ஸ் வொர்க்ஷாப் 2010 இறுதியில் வழக்குத் தொடுத்தது. 2013-இல் ஜூரி கொடுத்த தீர்ப்பில் சில கோரிக்கைகள் வென்றன, பல தோற்றன. 2014-இல் இரு தரப்பும் சமரசத்தில் முடித்துக்கொண்டன. அதன் பிறகு நிறுவனத்தின் போக்கு மாறியதை ஆடுபவர்கள் எல்லோரும் கண்டார்கள். பொம்மை இல்லாத பாத்திரத்துக்கு விதி எழுதுவது நின்றது. 'இம்பீரியல் கார்ட்' என்ற பொதுவான பெயர் 'அஸ்ட்ரா மிலிட்டாரம்' ஆனது. எவரும் பயன்படுத்தக்கூடிய சொற்கள் விலகி, பதிவு செய்யத்தக்க சொற்கள் வந்தன. ஆடுபவர் தாமே செய்துகொள்ளட்டும் என்று விட்டிருந்த இடங்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன.

அதே காலத்தில் எம்.சி.ஏ. ஹோகார்த் என்ற எழுத்தாளரின் 'ஸ்பாட்ஸ் த ஸ்பேஸ் மரீன்' நாவல், 'ஸ்பேஸ் மரீன்' தன் வணிகக் குறி என்ற நிறுவனத்தின் புகாரால் அமேசானிலிருந்து நீக்கப்பட்டது. அந்தச் சொல்லோ 1932-இலேயே அமெரிக்க இதழ்க் கதை ஒன்றின் தலைப்பில் வந்தது. எழுத்தாளர்களும் உரிமை அமைப்புகளும் குரல் கொடுத்தபின் 2013 பிப்ரவரியில் நாவல் திரும்பி வந்தது. 2021-இல் ரசிகர்கள் எடுக்கும் குறும்படங்களுக்கும் அனிமேஷனுக்கும் நிறுவனம் கதவை அடைத்தது. சொந்த ஒளிபரப்புச் சேவை தொடங்கும் வேளை அது. 'அஸ்டார்டீஸ்' குறும்படங்களைத் தனியாளாக எடுத்து அசத்திய சியாமா பெடர்சன் நிறுவனத்துக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டார். வேறு சிலர் தங்கள் தொடர்களை நிறுத்திக்கொண்டார்கள்.

மிகப் பெரிய பாடம் 2015-இல் நடந்தது. வார்ஹேமரின் மூத்த பிள்ளையான மாயாஜால உலகத்தை நிறுவனம் கதையிலேயே அழித்துவிட்டு, 'ஏஜ் ஆஃப் சிக்மார்' என்ற புதிய விளையாட்டைக் கொண்டுவந்தது. முப்பது ஆண்டுகளாகச் சதுரத் தட்டுகளில் வரிசை பிடித்து நின்ற படைகள் ஒரே நாளில் வீடிழந்தன. கோபத்தில் தன் படையையே தீயிட்டுப் படம்பிடித்து வெளியிட்டவரும் உண்டு. ஆனால் பலர் செய்தது வேறு. பழைய விதிகளைத் தாங்களே தொகுத்துத் திருத்தி, 'நைன்த் ஏஜ்' என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டு, போட்டிகளை நடத்திக்கொண்டே இருந்தார்கள். 2024-இல் நிறுவனம் 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில் அந்த உலகத்தையும் சதுரத் தட்டுகளையும் திரும்ப விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒன்பது ஆண்டுகள் அந்தச் சந்தையை உயிரோடு வைத்திருந்தவர்கள் சம்பளம் வாங்காதவர்கள்.

எதிர்ச் சாட்சிகள்

கைவேலைதான் எல்லாம் என்றால் இரண்டு விளையாட்டுகள் எழுந்து மறுப்புச் சொல்லும்.

முதலாவது பேட்டில்டெக். 1984-இல் சிகாகோவின் ஃபாசா நிறுவனம் 'பேட்டில்டிராய்ட்ஸ்' என்று வெளியிட்டது. 'டிராய்ட்' என்ற சொல்லுக்கு ஜார்ஜ் லூகாஸ் தரப்பு உரிமை கோரியதால் அடுத்த ஆண்டே பெயர் மாறியது. இருபது டன்னிலிருந்து நூறு டன் வரையிலான இரும்பு மனிதர்கள் அறுகோணக் கட்டங்களில் மோதுகிறார்கள். சுடச்சுட இயந்திரம் கொதிக்கும். கொதிப்பு ஏறினால் கால் தடுமாறும், குறி தப்பும், கடைசியில் இயந்திரம் நின்றே போகும். கவசத்தின் ஒவ்வொரு புள்ளியையும் தாளில் பென்சிலால் அடித்துக்கொண்டே வருவார்கள். ஆனால் இதை ஆடப் பொம்மையே தேவையில்லை. அட்டைத் துண்டு போதும். தொடக்க காலத்து இயந்திர வடிவங்கள் பலவும் ஜப்பானிய அனிமேஷனிலிருந்து உரிமம் பெற்றவை. வழக்குகளுக்குப் பின் 1996-இல் அவற்றையும் கைவிட வேண்டியதாயிற்று. 2001-இல் ஃபாசாவே மூடப்பட்டது. எந்தக் கணக்கிலும் செத்திருக்க வேண்டிய விளையாட்டு, கை மாறி கை மாறி, 2019-இல் மக்களிடம் நிதி திரட்டியபோது 25 லட்சம் டாலருக்கு மேல் குவித்தது.

காரணம் விதிகளின் நிலைத்தன்மை. நாற்பது ஆண்டுகளில் அதன் அடிப்படை விதிகள் பெரிதாக மாறவில்லை. 1980-களில் நிரப்பிய தாளை எடுத்து வந்து இன்றைய மேசையில் சிறு திருத்தத்தோடு ஆடிவிடலாம். அப்பன் ஆடிய இயந்திரத்தைப் பிள்ளை ஓட்டுகிறான்.

இரண்டாவது எக்ஸ்-விங். 2012-இல் ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் விண்கலப் போர். வண்ணம் பூசித் தயாரான விண்கலங்கள், பெட்டியைத் திறந்த அரை மணியில் ஆடலாம். தன் கலம் எப்படித் திரும்பும் என்பதை ஒரு சுழல்தட்டில் ரகசியமாகக் குறித்து, இருவரும் வைத்தபின் திறப்பார்கள். எதிராளியின் மனத்தைப் படிப்பதே ஆட்டம். கைவேலை துளியும் இல்லாமலே அது உலகெங்கும் பரவியது. பிறகு 2018-இல் இரண்டாம் பதிப்பு வந்து, பழைய கலங்களுக்கு மாற்றுப் பெட்டி வாங்கச் சொன்னது. விளையாட்டு வேறு நிறுவனப் பிரிவுக்குப் போனபின் விதிகளும் போட்டி முறையும் மறுபடி மாறின. ஆட்டக்காரர்கள் பழைய விதி, புதிய விதி என்று பிரிந்தார்கள். 2024-இல் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. கலங்களை வைத்திருப்பவர்கள் தாங்களே குழுக்கள் அமைத்துப் புள்ளிக்கணக்கைப் புதுப்பித்து ஆடிவருகிறார்கள்.

இந்த இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது நான்கு விடைகளும் ஒரு புள்ளியில் கூடுகின்றன. ஆர்வத்தைத் தாங்குவது ஆட்டமா, கையா, கதையா என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறலாம். மாறாத ஒன்று, தயாரித்தவர் எதையோ ஆடுபவரின் பொறுப்பில் விட்டிருக்கிறார் என்பது. ஸ்பேஸ் ஹல்க்கில் அது சில நிமிடங்களில் எடுக்க வேண்டிய முடிவு. வார்ஹேமரில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கும் பெயரில்லாத படைப்பிரிவும். பேட்டில்டெக்கில் காலம் கடந்தும் செல்லுபடியாகும் ஒரு தாள். எக்ஸ்-விங்கில் சுழல்தட்டும், பழகித் தேர்ந்த விதியும். விட்டதைத் திரும்பப் பிடுங்கிய இடங்களில்தான் சண்டை வந்திருக்கிறது. பொம்மையின் விலை ஏறியபோது முணுமுணுப்பு எழுந்தது, சந்தை அதைத் தாங்கியது. மாயாஜால உலகத்தை அழித்தபோதும் எக்ஸ்-விங்கின் விதியைத் திருத்தியபோதும் ஆட்கள் பெட்டியோடு வெளியேறினார்கள்.

விலையும் அச்சும்

விலையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஒரு முழுப் படையைத் திரட்டுவது மாதச் சம்பளக்காரருக்கு யோசிக்க வேண்டிய செலவு. பவுண்டும் டாலரும் சம்பாதிக்காத நாடுகளில் கப்பல் கட்டணமும் சுங்கமும் சேர்ந்தால் இன்னும் எட்டாது. இடமும் வேண்டும், நாலடிக்கு ஆறடி மேசைக்கு எல்லார் வீட்டிலும் கூடம் இல்லை. கடைகளிலும் கழகங்களிலும் நெடுங்காலம் ஆண்களே நிறைந்திருந்ததால் உள்ளே வரத் தயங்கிய பெண்கள் பலர். ஆடுபவரின் பொறுப்பில் விடுவது என்று நான் சொன்னது, வாசலைத் தாண்டி வர முடிந்தவர்களுக்குத்தான் நடக்கிறது.

அந்த வாசலை இப்போது இடிப்பது முப்பரிமாண அச்சு. ரெசின் அச்சு இயந்திரங்கள் சாதாரண வீட்டு மேசைக்கு வந்துவிட்டன. வடிவமைப்பாளர்கள் தங்கள் உருவங்களைக் கோப்புகளாக மாதச் சந்தாவுக்குத் தருகிறார்கள். 'ஒன் பேஜ் ரூல்ஸ்' போன்ற விதித்தொகுப்புகளின் அடிப்படை விதிகள் இலவசம், எந்த நிறுவனத்தின் பொம்மையையும் அதில் இறக்கலாம். இது கேம்ஸ் வொர்க்ஷாப்பை வீழ்த்திவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஆனால் 2025 நிதியாண்டில் அதன் வருவாய் 60 கோடி பவுண்டைத் தாண்டியது. அச்சிட்டு ஆடுகிறவர்கள் பலரும் அதன் பொம்மைகளையும் வாங்குகிறார்கள். அடுத்து வருவது திரை. நடிகர் ஹென்றி கேவில் தம் வீட்டு மேசையில் உருவங்களுக்கு வண்ணம் பூசுவதை வெளிப்படையாகச் சொல்லிவந்தவர். அவரோடு சேர்ந்து திரைத்தொடர் எடுக்கும் உரிமையை அமேசான் 2024-இல் உறுதிசெய்துகொண்டது. திரைக்குப் போகும்போது இந்த உலகத்தை முதல்முறையாக, எதையும் ஒட்டாத, பகடை உருட்டாத கோடிக்கணக்கானோர் பார்ப்பார்கள். அவர்களுக்கு அது முழுதாக முடிந்த பண்டமாகவே போய்ச் சேரும்.

நிறுவனத்துக்கு அதுதான் பெரிய சோதனை என்று எனக்குப் படுகிறது. திரையில் ஒரு காட்சி ஒரே விதமாகத்தான் இருக்க முடியும். அந்த ஒரு விதமே சரியென்று ஆனால், வேறு நிறத்தில் வண்ணம் பூசியவரும் வேறு கதை எழுதி வைத்தவரும் தம் மேசையிலேயே விருந்தாளியாகிவிடுவார்கள். நிறுவனம் கணக்குப் பார்க்கத் தெரிந்தது. பழைய உலகத்தை அழித்துவிட்டு ஒன்பது ஆண்டு கழித்து அதே உலகத்தை மறுபடி விற்ற அனுபவமும் அதற்கு உண்டு. அந்தக் கணக்கு சொல்வது எளிது: காணாமற்போன இரண்டு லீஜியன்களின் கதையை எழுத யார் எவ்வளவு பெரிய தொகை கொடுக்க முன்வந்தாலும், எழுதாமல் இருப்பதில்தான் லாபம்.